மதினி கிண்டிய லேகியம்

1884 மார்ச்சு 9, ஞாயிறு

போர்டிங் பள்ளிக்கூடத்து மிசியம்மாள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இது: தினமும் உன் குற்றங்களை எழுதிப் பார், மனசு சுத்தமாகும். நானும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிக்கிறேன். என் குற்றம் ஒன்றும் இன்றைக்கு ஞாபகத்துக்கு வரமாட்டேன் என்கிறது. மற்றவர்கள் குற்றம்தான் முண்டியடித்துக்கொண்டு வருகிறது. சரி, அதையே எழுதுகிறேன்.

முதலில் மதினி. என் வீட்டுக்காரருக்கு மூத்த அக்காள், பெயர் வேதமணி. புருஷனைப் பறிகொடுத்து, பிள்ளையும் இல்லாமல், தம்பி வீட்டோடு வந்து தங்கினவள். இந்தப் பனைவிளையில் சட்டி பானை முதல் கோழிக்குஞ்சு வரைக்கும் அவள் சொன்னபடிதான். நெல், கம்பு, புளி, கருவாடு, கருப்பட்டி எல்லாம் அரங்கு வீட்டுக்குள். அரங்கு வீட்டுச் சாவி அவள் இடுப்பில். எனக்கு ஒரு கொட்டைப்பாக்களவு புளி வேண்டுமென்றாலும், "என்னத்துக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் இடுப்பில் கை வைப்பாள்.

நான் இரண்டாம் தாரம். மூத்தவள் பெயர் தங்கப்பூ. வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போனாள். எப்படி என்று கேட்டால் இந்த வீட்டில் எல்லாருக்கும் திடீரென்று வேறு வேலை வந்துவிடுகிறது.

எனக்கு இப்போது ஐந்தாம் மாதம். மாதம் தவறியது தெரிந்த நாளிலிருந்து மதினி எனக்கு மட்டும் தனியாக ஒரு சின்னச் சட்டியில் சமைக்கிறாள். "பிள்ளைத்தாய்ச்சிக்குக் காரம் ஆகாதுளா" என்கிறாள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச்சு 11

பதனீர்ப் பருவம் தொடங்கிவிட்டது. விடியும்போதே பனையேறிகள் கலயம் கலயமாகக் கொண்டுவந்து விடிலியில் வைத்துவிட்டுப் போகிறார்கள். விடிலி என்றால் வீட்டுக்குக் கிழக்கே ஓலை வேய்ந்த காய்ச்சுக் குடிசை. காலை முழுவதும் அங்கே அடுப்புக்கு முன்னால் வெந்து சாகவேண்டும். பதனீர் பொங்கி வரும்போது ஆமணக்கு முத்தைத் தட்டி ஒரு சிட்டிகை போட்டால் அடங்கிவிடும். போட மறந்தால் பாதிப் பானை அடுப்பில்தான். இன்று நான் மறந்தேன். மதினி திட்டவில்லை. அதுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

மார்ச்சு 15

என் வீட்டுக்காரர் அவர்கள் சந்தையிலிருந்து வந்தார்கள். எனக்கென்று துணி கட்டிய ஒரு சின்னக் கலயம். செந்தூரம், அதுதான் ரசம் சுட்டெடுத்த சிவப்புப் பொடி, சேர்த்த லேகியமாம். சந்தைக்கு மாதம் ஒருமுறை வருகிற நாட்டு வைத்தியரிடம் வாங்கியது. பிள்ளை நல்லா ஊன்றும், பேறு சுகமாக ஆகும் என்று சொன்னாராம். சொல்லும்போது அவர்கள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நான் கையை நீட்டினேன். அதற்குள் மதினி குறுக்கே வந்து வாங்கிக்கொண்டாள்.

"எங்கிட்ட தா தம்பி. இதுக்குப் பத்தியம் உண்டு. சின்னப்பிள்ளைக்கு என்ன தெரியும்?"

இந்த வீட்டு வழக்கம் அப்படி. வாயில் போடுகிற எதுவானாலும் மூத்த பொம்பளை கைக்குப் போய்த்தான் எனக்கு வரவேண்டும். அவர்கள் ஆசையாக மடியில் கட்டிவருகிற பொரிகடலைக்கும் அதே சட்டம். புருஷன் வாங்கிவந்ததை நாத்தனாரிடம் கையேந்தி வாங்கித் தின்கிற பிழைப்பு! பள்ளிக்கூடத்தில் நான் வேதபாடத்தில் முதல் பரிசு வாங்கினவள்.

மார்ச்சு 19

தினம் காலையில் நெல்லிக்காய் அளவு உருட்டித் தருகிறாள். இனிப்பும் சுக்குக் காரமுமாக நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் விழுங்குகிறவரைக்கும் எதிரிலேயே நிற்கிறாள். "முழுங்கிட்டியா? வாயைத் தொற." நான் என்ன கன்றுக்குட்டியா?

மார்ச்சு 22

பக்கத்து விளை சீயோனாள் சுண்ணாம்பு கடன் வாங்க வந்தாள். அவள் வீட்டில் சுண்ணாம்பு இல்லாமல் இல்லை. கதை பேசத்தான் வந்தாள். மதினி கிணற்றடிக்குப் போனதும் என் காதோடு வந்து, "உனக்கும் தனிச்சட்டிதானா?" என்றாள்.

"உனக்கும்னா?"

"தங்கப்பூவுக்கும் கடைசியில அப்பிடித்தான் பாத்துச்சு உன் மைனி. ஒரு வேலை செய்ய விடாது. லேகியம் வேற. நல்லா உருண்டையா இருந்த பொம்பளை, வாயெல்லாம் புண்ணாகி, எச்சி ஒழுகி... நான் ஒண்ணும் சொல்லலம்மா. எனக்கெதுக்கு ஊர் பொல்லாப்பு."

ஒன்றும் சொல்லவில்லையாம்! சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டு, சுண்ணாம்பையும் மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். எனக்கு இன்றைக்குச் சோறு இறங்கவில்லை. குழம்பில் புளி கூடிவிட்டது என்று மதினியிடம் சொன்னேன்.

மார்ச்சு 24

பார்த்துவிட்டேன். என் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டேன்.

காலையில் பனையேறிகள் போனபிறகு நான் சிரட்டை எடுக்க விடிலிக்குப் போனேன். மதினி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்திருந்தாள். அவர்கள் வாங்கிவந்த லேகியக் கலயம் கையில், கொஞ்சமும் குறையாமல். அகப்பையால் உள்ளே இருந்ததைச் சுரண்டிச் சுரண்டி அடுப்புக்குள் தள்ளினாள். சாம்பலில் சிவப்பாக என்னவோ கொப்பளித்தது. பிறகு கலயத்தைச் சாம்பல் போட்டு நாலு தடவை தேய்த்துக் கழுவினாள். இன்னொரு அடுப்பில் ஒரு சின்னச் சட்டி. அதில் கிண்டி வைத்திருந்ததைக் கலயத்தில் வழித்துப் போட்டுத் துணியைப் பழையபடி கட்டினாள்.

நான் சத்தம் காட்டாமல் திரும்பிவிட்டேன். அவர்கள் எனக்காக வாங்கிவந்த மருந்து அடுப்புக்குள்ளே. இத்தனை நாளும் நான் தின்றது இவள் கிண்டியது. என்ன போட்டுக் கிண்டினாள்?

காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. இந்த விளைக்கு ஒரு வாரிசு வந்துவிட்டால் சாவி யார் இடுப்புக்கு வரும்? யோசிக்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

மார்ச்சு 26

இன்று உருண்டையை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு, அவள் திரும்பியதும் துப்பி, செவலைக்கோழிக்குப் போட்டேன். ஒரு கொத்தில் தின்றுவிட்டது.

மார்ச்சு 29

செவலைக்கோழி நன்றாகத்தான் இருக்கிறது. தினமும் தின்கிறது. என்னைக் கண்டால் காலைச் சுற்றி வருகிறது. கோழிக்குக் கல்லே செரிக்கும், இது எம்மாத்திரம்.

ஏப்ரல் 3

கம்பு இடித்தோம். நான் உலக்கை தொடக்கூடாதென்று மதினியே தனியாக இடித்தாள். நான் புடைத்தேன். இடையில் நிமிர்ந்து என் வயிற்றைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "என்ன மைனி?" என்றேன். "ஒண்ணுமில்ல. அசையுதா?" என்றாள். அசைகிறது என்றேன். கண்ணில் தூசி விழுந்ததுபோல முந்தானையால் துடைத்துக்கொண்டாள். நல்ல நடிப்பு.

ஏப்ரல் 6

அவர்களிடம் பாதி சொன்னேன், பாதி சொல்லவில்லை. அடுத்த கலயம் வாங்கும்போது என் கையிலேயே தாருங்கள், மதினிக்குத் தெரியவேண்டாம் என்றேன்.

"ஏன்? அக்கா என்ன செஞ்சா?"

"ஒண்ணும் செய்யல. உங்க கையால வாங்கித் திங்கணும்னு ஆசை."

இதற்குமேல் ஓர் ஆண்பிள்ளை கேள்வி கேட்பாரா? சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். எனக்கு என் சாமர்த்தியத்தை நினைத்து உள்ளூர ஒரு பெருமை.

ஏப்ரல் 13, ஈஸ்டர்

கோவிலுக்குப் போய்வந்தோம். மதினி ஆப்பமும் பயற்றங்கஞ்சியும் செய்தாள். பொதுச் சட்டியிலிருந்து மட்டும் எடுத்துத் தின்றேன். சாயங்காலம் அவர்கள் தோட்டத்துப் பக்கம் கூப்பிட்டுப் புதுக் கலயத்தை என் கையில் வைத்தார்கள். "போன தடவையவிட வீரியமா செஞ்சு தந்திருக்காரு" என்றார்கள். என் துணிப்பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 14

சாப்பிட்டேன். இதுதான் மருந்து. பார்க்கவே நல்ல சிவப்பு. நாக்கில் செம்புக்காசு வைத்ததுபோல ஒரு ருசி. மருந்தென்றால் கசக்கத்தானே செய்யும். மதினி உருட்டித் தந்தது பண்டம்போல இனித்ததே, அப்போதே எனக்குப் புரிந்திருக்கவேண்டாமா?

மதினி தருகிற உருண்டை வழக்கம்போல செவலைக்கோழிக்கு.

ஏப்ரல் 19

தனிச்சட்டிச் சோறு வேண்டாம், இனி நானே பொங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். மதினி என்னையே பார்த்தாள். "சரி, உன் இஷ்டம்" என்று அரிசியை அளந்து வைத்துவிட்டுப் போனாள். ஒரு வார்த்தை சண்டை இல்லை. மடியில் கனமுள்ளவள் எப்படிச் சண்டை போடுவாள்.

ஏப்ரல் 22

ஈறு வீங்கியிருக்கிறது. பல் தேய்த்தால் ரத்தம். வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது. நான் பொங்குகிற பானையின் உட்புறத்தில் அவள் எதையோ தடவி வைத்திருக்கிறாள். இனிப் பானையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் உலை வைப்பேன்.

லேகியத்தைக் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டேன். உள்ளே போயிருப்பதை முறிக்கவேண்டுமே.

ஏப்ரல் 24

வயிற்றுவலி. பானை மாற்றியாயிற்று, தண்ணீரையும் நானே இறைக்கிறேன். எங்கே வைக்கிறாள்? உப்பிலா? விறகிலா? செவலைக்கோழி மட்டும் கொழுகொழுவென்று திரிகிறது.

ஏப்ரல் 26

பிள்ளை நேற்றிலிருந்து அசையவில்லை.

மே 8

இத்தனை நாள் கழித்து இன்றுதான் எழுதுகோல் பிடிக்க முடிகிறது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஏப்ரல் இருபத்தேழு காலையில் நான் விடிலிக்குப் போகிற வழியில் சுருண்டு விழுந்தேனாம். காய்ச்சலில் நான் கத்தியது எனக்கே அரைகுறையாக ஞாபகம் இருக்கிறது. "மைனி சட்டி! மைனி சட்டி!" என்று கத்தினேன். அவர்களும் பக்கத்தில்தான் நின்றார்கள். சீயோனாளும் நின்றாள். அவள் நின்றால் ஊரே நின்றமாதிரி.

மதினி என் வாயைப் பிளந்து ஈறைப் பார்த்தாள். அவள் முகம் செத்த முகமாகிவிட்டது. எல்லாரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள்.

"எங்க வச்சிருக்கே? சொல்லுளா, எங்க வச்சிருக்கே?"

நான் சொல்லவில்லை. அவளே துணிப்பெட்டியைக் கவிழ்த்துக் கலயத்தைக் கண்டுபிடித்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். முக்கால்வாசி காலியாக இருந்தது. "ஐயோ, என் பிள்ளையே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் என்னைத் தூங்கவும் விடவில்லை, சும்மாவும் விடவில்லை. தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தி எடுக்கவைத்தாள். ஆட்டுப்பாலும் இளநீருமாக ஊற்றிக்கொண்டே இருந்தாள். நான் துப்பினால் மறுபடி ஊற்றினாள். அவள் விரலை நான் கடித்துவிட்டேன். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை, கண்ணால் பார்க்கிறேன்.

நான்கு நாள் கழித்துப் பிள்ளை அசைந்தது. முதலில் அவள் உள்ளங்கைக்குத்தான் தெரிந்தது. அவள் விடாமல் அங்கேயே கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

மே 11

மதினி இன்று எல்லாவற்றையும் சொன்னாள். அவர்கள் விளைக்குப் போயிருந்தார்கள். அவள் எனக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டே சொன்னாள், முகத்தைப் பார்க்காமல்.

"தங்கப்பூவுக்கும் இதே லேகியம்தான் தம்பி வாங்கியாந்தான். உசிரா வச்சிருந்தான் அவளை. அவ போன மறுநாளு, கழுவப் போட்ட கலயத்தை ஆட்டுக்குட்டி ஒண்ணு நக்கிச்சு. பொழுது அடையல, விறைச்சுட்டு. அப்பதான் எனக்கு வெளிச்சமாச்சு."

"அவியகிட்ட சொல்லலையா மைனி?"

"என்னன்னு சொல்லுவேன்? உன் பெஞ்சாதியையும் பிள்ளையையும் நீதான்டா கொன்னேன்னா? அவன் அப்பவே கெணத்தைப் பாத்துட்டு இருந்தான். நானும் ஆளை வச்சுக் காவல் காத்தேன். சொல்லியிருந்தா மறுநாளு அவனையும் தூக்கியிருக்கணும்."

"இப்ப எனக்கு வாங்கினப்பவாச்சும் வேண்டாம்னு தடுத்திருக்கலாமே."

"ஏன் வேண்டாம்னு கேப்பானே. அதான் வாங்கி அடுப்புல போட்டுட்டு, சுக்கும் கருப்பட்டியும் எள்ளும் போட்டுக் கிண்டிக் குடுத்தேன். நீ அதையும் கோழிக்குப் போட்டுட்டே."

கோழி விஷயமும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது! எனக்கு அப்படியே தரைக்குள் போய்விடலாம்போல இருந்தது. கஞ்சியை மறுக்காமல் குடித்தேன்.

மே 17

அவர்கள் தம் அக்காளோடு பேசுவதில்லை. நான் காய்ச்சலில் கத்தியதை மனதில் வைத்திருக்கிறார்கள். இன்று என்னிடம் வந்து, "நீ பயப்படாதே. அக்காளைப் பெரியப்பா மகன் வீட்டுக்கு அனுப்பிடுதேன். தங்கப்பூ விஷயத்துலயும் ஊரு ஒரு மாதிரிப் பேசத்தான் செஞ்சுச்சு. நான்தான் காதுல வாங்கல" என்றார்கள். சொல்லும்போது அழுதார்கள்.

நான் வாயைத் திறந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் மதினி நின்று தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று.

பிறகு என்னிடம் தனியாகச் சொன்னாள். "என் கைச்சோறுதான் ஒத்துக்கலன்னே இருக்கட்டும். எனக்கு இனி என்ன வேணும்? எங்கயாச்சும் ஒரு மூலையில கெடப்பேன். அவன் இருக்கணும். உனக்குப் புருஷன் வேணும்லா, அந்தப் பிள்ளைக்குத் தகப்பன் வேணும்லா?"

பெரியப்பா மகன் வீட்டில் அவளை எந்த இடத்தில் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தொழுவத்துப் பக்கம்தான் வைப்பார்கள். அங்கேயும் இந்தப் பேச்சு அவளுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருக்கும். அவள் தொட்ட பானையை எவள் வீட்டுக்குள் விடுவாள்?

எனக்குப் பயமாக இருக்கிறது. உண்மையைச் சொன்னால் அவர்களை இழப்பேன். சொல்லாவிட்டால் இவளை.

மே 21

மதினி சாவியை என் கையில் தந்தாள். வாங்கிக்கொள்ள மனமில்லாமல் வாங்கினேன். புளிப்பானையில் ஈரக்கை வைக்காதே, கருவாட்டை வாரம் ஒருமுறை வெயில் காட்டு, செவலை அடைக்கு உட்காரும்போல இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனாள். நான் சாவியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மே 24, சனி

வண்டி கட்டி நின்றது. மதினி மூட்டையை முடிந்து வைத்துவிட்டு, போகிற நேரத்திலும் விடிலியில் உட்கார்ந்து பதனீர் காய்ச்சிக்கொண்டிருந்தாள். காய்ச்சாவிட்டால் புளித்துப்போகுமாம். நான் பக்கத்தில் நின்றேன். அவர்கள் வாசலில் வந்து, அவள் பெயரைக்கூடச் சொல்லாமல், "வண்டி நிக்கு" என்றார்கள்.

"மாட்டை அவுத்து விடுங்க" என்றேன்.

"என்ன?"

"மைனி சட்டியில ஒண்ணும் இல்ல. எனக்கு வந்தது நீங்க தந்த லேகியத்துல."

"வாயை மூடுளா!" மதினி கொதிக்கிற பதனீர் சொட்டும் அகப்பையோடு எழுந்துவிட்டாள். என் வாழ்நாளில் அவள் அப்படிக் கத்திக் கேட்டதில்லை. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்கத் தைரியம் வராது. அடுப்பில் போட்டது, மாற்றிக் கிண்டியது, நான் ஒளித்து வைத்துத் தின்றது, ஆட்டுக்குட்டி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர்கள் முதலில் சிரித்தார்கள். காய்ச்சல் இன்னும் விடவில்லை என்று நினைத்திருப்பார்கள். பிறகு அக்காளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் "இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். அவளுக்குச் சொல்ல வரவில்லை. குனிந்து நுரையைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஏன்க்கா சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ இருந்திருப்பியால?"

பிறகு அவர்கள் யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்கள். "அவ வேண்டாம் வேண்டாம்னு அழுதாக்கா. நாக்கெல்லாம் எரியுதுன்னா. நான்தான் மூக்கைப் பிடிச்சு ஊட்டுனேன்."

"தெரியும் தம்பி" என்றாள் மதினி. "நான்தானல பக்கத்துல கிண்ணத்தைப் பிடிச்சிட்டு நின்னேன்."

பதனீர் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

மே 25, ஞாயிறு

கோவிலுக்குப் போகவில்லை. மதினியும் போகவில்லை, எங்கேயும். நேற்று முழுவதும் அவர்கள் கிணற்றுப் பக்கம் போகாமல் அவளும் நானும் மாறி மாறிக் கூடவே நடந்தோம். என்னோடு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசமாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். பேசாவிட்டால் போகட்டும், வீட்டில் இருக்கிறாளே.

மத்தியானம் கம்மங்கஞ்சி. மூன்று பேருக்கும் ஒரே சட்டிதான். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவர்கள் பாதியில் எழுந்துவிட்டார்கள்.

"மிச்சம் வைக்காதல" என்றாள் மதினி.

கொஞ்சநேரம் நின்றார்கள். திரும்ப வந்து உட்கார்ந்து குடித்தார்கள்.